பொன் வாங்கியவர்கள் கணக்கு சொல்ல வேண்டாமா?

அன்புள்ள ஐயா,

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த மோதலில் நம் விமானங்கள் வீழ்ந்ததை, அம்மாதம் 31-ம் தேதி சிங்கப்பூரில் ஒரு பேட்டியில்தான் முப்படைத் தலைமைத் தளபதி ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை. இழப்பை மக்களிடம் உடனே சொன்னால் எதிரிக்கு உதவாதா? கேரளத்தில் எல்லோரும் பத்திரிகை படிப்பதால் இங்கே எதையும் மறைக்க முடியாது என்கிறார்கள் என் சக ஆசிரியர்கள்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சண்டை நடக்கும்போது எல்லாவற்றையும் சொல்ல முடியாதுதான். விமானக் கணக்கை விடுங்கள், இன்றில்லாவிட்டால் நாளை வரும். உங்கள் சகாக்களின் பெருமைதான் எரிச்சலூட்டுகிறது. 1962-ல் சீனாவிடம் தோற்றதை விசாரித்து ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் எழுதிய ராணுவ அறிக்கையை வெளியிட முடியாது என்று 2010-ல் நாடாளுமன்றத்தில் சொன்னவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி. சேர்த்தலைக்காரர். கட்டன்சாயாவோடு பத்திரிகை விரிப்பவர்களில் எத்தனை பேர் அவரை நிறுத்திக் கேட்டீர்கள்?

எதிரிக்கு உதவுமாம். 1962-ல் எங்கே அடி வாங்கினோம் என்பது அடித்தவனுக்குத் தெரியாதா என்ன? தெரியாமல் இருப்பது நமக்குத்தான். ஆனால், கார்கில் போரை ஆராய்ந்த சுப்பிரமணியம் குழுவின் அறிக்கையைச் சில பகுதிகளை நீக்கிவிட்டு 2000-லேயே நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

சரி, பொன்னுக்கு வருகிறேன். 1962-ல் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். கொழிஞ்சாம்பாறையில் என் அத்தையும் ஒரு சங்கிலி கொடுத்தாள். மேடை போட்டு, மைக் வைத்து வாங்கினார்கள். அடுத்த ஜனவரியிலேயே தங்கக் கட்டுப்பாடு வந்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். புது நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது. அன்னியச் செலாவணியை மிச்சப்படுத்தவும் கடத்தலை ஒடுக்கவும் என்றார்கள். 14 காரட்டில் தாலி யார் செய்வார்கள்? எங்கள் தெருவில் நகை செய்த பத்தருக்கு வேலை நின்றுபோனது. பட்டறையை மூடுமுன் தரைமண் முழுவதையும் கூட்டி அள்ளி, சட்டியில் தண்ணீர் விட்டு அலசி அலசிப் பார்த்தார். குன்றிமணி அளவு பொன் தேறியது. அப்புறம் பொன் உருக்க உமி நெருப்பு மூட்டும் உமியோட்டைப் பரணில் ஏற்றிவிட்டுக் கோயம்புத்தூருக்கு மில் வேலை தேடிப் போனார். நாடெங்கும் எத்தனையோ பத்தர்கள் இப்படித் தொழில் இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். 1968-ல் தனிச் சட்டமாகவே ஆன அந்தக் கட்டுப்பாடு 1990-ல்தான் போனது.

போரின் செலவு என்றால் பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கிய தொகை மட்டும்தானா? அந்தப் பத்தர் எந்தக் கணக்கில் வருவார்? கொடுத்தவளுக்கும் இழந்தவருக்கும், யார் பிழையால் தோற்றோம் என்று கேட்க உரிமை உண்டு. பொன்னை ஊரறிய வாங்கிவிட்டுக் கணக்கை மட்டும் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

நீங்கள் ஆசிரியர். பிள்ளைகளைப் பத்தர் வீடுகளுக்கு அனுப்பி 1963-ல் என்ன நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் இல்லை என்று தலைமையாசிரியர் முறைத்தால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே என்மேல் கோபம்தான்.