'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

கேள்வி: என் மகன் இஞ்சினியரிங் முடித்துவிட்டு ஆறு வருடமாக விளம்பரங்களுக்கும் சீரியல்களுக்கும் மியூசிக் போடுகிறான். டிவியில் அவன் பேர்கூட வருவதில்லை. வெறும் ஜிங்கிள் போட்டே காலம் தள்ள முடியுமா? சினிமாவுக்கு எப்போது போவான்?
– வாசகர் ஒருவர், செம்பூர், மும்பை

பதில்: முதலில் அந்த 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

முப்பது நொடி விளம்பரத்துக்குப் போட்ட மெட்டை இருபது நொடிக்கும் பத்து நொடிக்கும் வெட்டுவார்கள். வெட்டிய பிறகும் அது அதே பாட்டாகக் கேட்க வேண்டும். நடுவில் பேசும் குரலுக்கு இடம் விட வேண்டும். கம்பெனி பேர் வரும் இடத்தில் வைக்கிற நாலைந்து ஸ்வரம் சின்னக் குழந்தைக்கும் பிடிபட வேண்டும். அப்புறம் மொழி. இந்தி வரி 'ஹை' என்று ஒரே அசையில் முடிந்துவிடும். தமிழில் அதே இடத்தில் 'இருக்கிறது' வந்து நிற்கும். மெட்டைக் கலைக்காமல் அதை உட்காரவைப்பது சாதாரண வேலை இல்லை. அதிலும் நாளைக் காலை பத்து மணிக்குள் வேண்டும் என்பார்கள். சீரியல் வேறு விதம். தினமும் வருகிற தொடருக்கு எபிசோடு எபிசோடாக இசையமைக்க நேரம் ஏது? அழுகைக்கு, சந்தேகத்துக்கு, சமாதானத்துக்கு என்று பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ஒரு தொகுப்பு செய்து கொடுத்துவிடுவார்கள். எடிட்டர் அதிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்வார்.

உங்கள் செம்பூரில் பிறந்த சங்கர் மகாதேவனும் இஞ்சினியரிங் படித்தவர்தான். மென்பொருள் வேலையை விட்டு, விளம்பரப் பாட்டுகள் செய்து, அப்புறம் எஹ்சான், லாய் என்ற இரண்டு இசைக்கலைஞர்களுடன் சேர்ந்து சினிமாவுக்கு வந்தார். ஆனால் அவரை உதாரணம் காட்ட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஜிங்கிள் என்பது சினிமாவுக்கு ஏறும் படி என்று ஏற்கெனவே நினைக்கிறீர்கள். அது இன்னும் உறுதியாகிவிடும்.

அதனால் இசையமைப்பாளர் வனராஜ் பாட்டியாவைச் சொல்கிறேன். மும்பைக்காரர். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தார், பாரிஸில் நாடியா பூலாஞ்ஜே என்ற புகழ்பெற்ற இசை ஆசிரியையிடம் கற்றார், திரும்பி வந்து டெல்லி பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசை கற்பித்தார். அவ்வளவு படித்தவர் ஆயிரக்கணக்கில் விளம்பர இசை செய்தார். லிரில் சோப்பு விளம்பரம் அவருடையதுதான். 1974-ல் அவர் இசையமைத்த 'அங்குர்' படம் வந்தது. அதற்குப் பிறகும் விளம்பரத்தை விடவில்லை. அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்ததே தொலைக்காட்சிக்காக எடுத்த 'தமஸ்'. 2012-ல் பத்மஸ்ரீ. மூன்று வேலையையும் ஒரே மனிதர் ஒரே மரியாதையோடு செய்தார்.

அதே வனராஜ் பாட்டியா தொண்ணூறைத் தாண்டிய வயதில் பணத்துக்குச் சிரமப்படுகிறார் என்று 2019-ல் செய்தி வந்ததையும் நான் மறைக்கப் போவதில்லை. உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை வைக்கும் இடம் தவறு. சினிமாவா விளம்பரமா என்று கேட்கிறீர்கள். உங்கள் மகன் எந்த மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான் என்று கேட்டீர்களா?

மாதுங்காவில் எங்கள் மேல்மாடியில் ஒரு நண்பர் இருந்தார். ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தார். அது பல வருடம் ஓடியது. அவருக்கு வந்தது ஒரே ஒரு செக். கீபோர்டுக் கடனை அடைக்கும் அவசரத்தில், 'சகல உரிமைகளும்' என்று இருந்த கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். டிவியில் அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

சட்டம் இப்போது கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த இசை திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குச் சம பங்கு உண்டு. அதை அவரே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிக்கவில்லை என்றால் ஐந்து வருடம், இடம் குறிக்கவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 'உலகம் முழுவதும், காலவரையின்றி' என்று அச்சடித்தே நீட்டுகிறார்களே, அது இதற்காகத்தான். அந்த வரியை அடித்துவிட்டு வருடத்தை எழுதச் சொல்லிக் கேட்கலாம். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்காதவனுக்கு யாரும் தரப்போவதில்லை.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஃபைலை எடுத்துவரச் சொல்லுங்கள். ஆறு வருடத்துக் கடிதங்களையும் இருவருமாக உட்கார்ந்து படியுங்கள். புரியாத வரிகளைக் குறித்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். 1969 முதல் இருக்கிற சங்கம், அலுவலகமும் மும்பையில்தான். இல்லை என்று சொன்னால் திங்கட்கிழமையே விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள். கூடவே, இதுவரை செய்த ஒவ்வொரு மெட்டின் பேரையும், எந்த விளம்பரம், எந்த சீரியல், எந்த வருடம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.