அன்று விற்ற 60 சென்ட்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 51 வயதாகிறது. தாம்பரத்தில் குடியிருக்கிறேன், ஒரு பள்ளியில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். என் சொந்த ஊர் மதுராந்தகம் வட்டத்தில், ஜிஎஸ்டி சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அப்பாவுக்கு 79 வயது. 2021இல் அம்மா காலமான பிறகு அவர் அங்கே தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்து வீட்டுச் சித்தி சமைத்துக் கொடுக்கிறார். நானும் என் இரண்டு தம்பிகளும் மாறி மாறிப் போய் வருகிறோம்.

எங்களுக்கு இருப்பது 2 ஏக்கர் 40 சென்ட் கழனி, ஒரு கிணறு, கிணற்றோரம் மோட்டார் கொட்டாய், அதை ஒட்டி ஒரு வேப்பமரம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் பார்த்த நிலம் இரண்டு ஆண்டுகளாகக் கரம்பாகக் கிடக்கிறது. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. அக்கம்பக்கத்து நிலங்கள் மனைகளாகிவிட்டதால், ஏரித் தண்ணீர் வந்துகொண்டிருந்த வாய்க்காலையும் தார் ரோடு போடுவதற்காக மூடிவிட்டார்கள். கிணற்று நீர் மட்டும் நெல்லுக்குப் போதவில்லை. 2010 வாக்கில் சென்ட் 8,000 ரூபாய் என்று பேசிய இடம் இது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தரகர்கள் விடாமல் வருகிறார்கள். இப்போது ஒரு புரோமோட்டர் சென்ட்டுக்கு 70,000 தருவதாகச் சொல்கிறார். மொத்தம் 1 கோடியே 68 லட்சம். முன்பணமாகப் பத்து லட்சம் கொடுத்து, எங்கள் சார்பில் விற்கும் அதிகாரமாகப் பவர் எழுதி வாங்கிக்கொண்டு, மனைகள் விற்க விற்க மீதியைத் தருவாராம். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் நடக்காது, ஆனிக்குள் முடிவு சொல்லுங்கள் என்கிறார்.

தம்பிகள் இருவரும் விற்றுவிடலாம் என்கிறார்கள். செங்கல்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் பெரிய தம்பிக்கு 18 லட்சம் கடன் இருப்பது அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கடையை 2010இல் தொடங்கியபோது அம்மாவின் 12 சவரன் நகை போயிற்று, மீட்கவே முடியவில்லை. சின்ன தம்பியை நான்கு வருடம் பொறியியல் படிக்க வைத்ததும் அப்பாதான். அவன் பெங்களூருவில் நன்றாக இருக்கிறான்.

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உங்க இஷ்டம், நான் இன்னும் எத்தனை நாளைக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஆனால் ஒரு புல்லும் விதைக்காத அந்த நிலத்துக்குத் தினமும் காலையில் போகிறார். போன மாதம் நான் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கொட்டாயைத் திறந்து, ஓடாத மோட்டாரின் சுவிட்சுப் பெட்டியைத் தோள்துண்டால் துடைத்துவிட்டு, வெளியே வந்து பக்கத்து மனைகளின் மஞ்சள் கற்களைப் பார்த்தபடி வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது என்று சித்தி சொல்கிறார்.

என்னை எழுத வைத்தது வேறொன்று. 1996இல் என் கல்யாணத்துக்காக அப்பா 60 சென்ட் விற்றார். சென்ட் 1,500 ரூபாய், மொத்தம் 90,000. இப்போது மிச்சமிருப்பதை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு அதே 60 சென்ட்தான் வருகிறது. அம்மாவின் திதியன்று பந்தியில் உட்கார்ந்திருந்த சின்ன தம்பி, "அக்காவோட பங்கு தொண்ணூத்தாறுலயே போயிடுச்சு, அந்த அறுபது சென்ட் இன்னைக்கு நாப்பத்திரண்டு லட்சம்" என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை, அப்பாவும் பேசவில்லை. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த நான் கரண்டியை வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். அந்த 60 சென்ட்டின் மேல்தான் இன்று பக்கத்து லே-அவுட்டின் நுழைவு வளைவு நிற்கிறது. பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போக அதன் அடியில்தான் நடக்க வேண்டும்.

இப்போது கையெழுத்துக்காக என்னைத்தான் வற்புறுத்துகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு சென்ட்டையும் விலையையும் பெருக்கிப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட்டால் அப்பாவை உயிரோடு சாகடித்தவளாகிவிடுவேனோ, போடாவிட்டால் பெரிய தம்பியைக் கடனில் தள்ளியவளாகிவிடுவேனோ என்று மாறி மாறித் தோன்றுகிறது. விற்பதா, வேண்டாமா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி, தாம்பரம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் விற்பதா வேண்டாமா என்ற கேள்வி கடைசி வரியில்தான் வருகிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது, என்றோ கைமாறிப்போன, இனி யாருக்கும் உங்கள் கையெழுத்துத் தேவைப்படாத அந்த 60 சென்ட். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நிலத்தின் விலை ஏறும்போது அது பழைய நாட்களுக்குள்ளும் புகுந்து, அன்று கொடுத்ததற்கெல்லாம் இன்றைய விலையை எழுதிவிடுகிறது. 1996இல் உங்கள் அப்பா மகளுக்குக் கல்யாணம் செய்தார். அதற்காக அவர் கைக்கு வந்த பணம் 90,000 ரூபாய். 42 லட்சத்தை அவர் கொடுக்கவும் இல்லை, நீங்கள் வாங்கவும் இல்லை. நடுவில் வந்த ஏற்றம் முழுவதும் நிலத்தை வாங்கியவருக்கும் அதில் மனை போட்டவருக்கும் போய்ச் சேர்ந்தது. தம்பி அதை உங்கள் பெயரில் பற்று எழுதியிருக்கிறார். அதே பேனாவை எடுத்தால், 2010இல் சவரன் 12,000 முதல் 15,000 ரூபாய் வரை விற்ற தங்கம் 2025இல் 70,000த்தைத் தாண்டிவிட்ட நிலையில், பெரிய தம்பியின் கடைக்காகப் போன அம்மாவின் 12 சவரன் எட்டு லட்சத்துக்கு மேல் என்று எழுத வேண்டியிருக்கும். சின்ன தம்பியின் நான்கு வருடப் படிப்பை எந்த விலையில் எழுதுவது, அந்தப் படிப்பால் அவர் இதுவரை வாங்கிய சம்பளத்தையும் சேர்ப்பதா? இதைத் தம்பிகளிடம் போய்ச் சொல்லிச் சண்டைக்கு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நிச்சயம் சண்டைதான். அந்தக் கணக்கு எவர் போட்டாலும் நேராகாது என்பது உங்கள் மனத்துக்குத் தெரிந்தால் போதும். திதிப் பந்தியில் அவர் பேசியது கொடுமையான பேச்சு. ஆனாலும் அதை அவராக யோசித்துச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை; நிலம் விலைபோகும் ஊர்களில் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பெருக்கல் காதில் விழாமல் இருக்காது.

சட்டம் என் துறையன்று. ஆனால் உங்கள் குற்றவுணர்வில் ஒரு பகுதி, சீர் செய்து அனுப்பிய மகளுக்குப் பங்கு கிடையாது என்ற ஊர்ப்பேச்சிலிருந்து வந்தது என்பதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், அன்றைய தேதியில் திருமணமாகாதிருந்த இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்துவிட்டது. உங்கள் திருமணம் நடந்தது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. அந்த உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உங்கள் கழனி சட்டப்படி பூர்வீகச் சொத்தா, அப்பாவின் தனிச்சொத்தா என்பது உங்கள் தாத்தாவிடமிருந்து அது எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தது. தாய்ப்பத்திரத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பங்கை வாங்கிக்கொள்வதோ தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பதோ பிறகு உங்கள் விருப்பம்.

அடுத்து, மூன்று மணிப் பெருக்கல். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொகை கையை விட்டுப் போவதன் வலி, அதே தொகை கைக்கு வருவதன் மகிழ்ச்சியைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டினார்கள். விலை ஏறும் நிலத்தில் இந்த வலி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. விற்றால் நாளைய விலை போயிற்று. விற்காவிட்டால் இன்றைய விலை போயிற்று. கழனி இருந்த இடத்திலேயே இருக்க, நீங்கள் மட்டும் தினமும் எதையோ இழந்துகொண்டிருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். இந்தப் பதற்றத்தைத் தரகர்கள் நன்றாக அறிவார்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், இரண்டு மாதத்தில் பணமதிப்பிழப்பு வந்தபோதும் மனை வியாபாரம் படுத்துக்கிடந்ததை உங்கள் ஊரிலும் பார்த்திருப்பார்கள். பிறகு அது எழுந்ததையும் பார்த்திருப்பார்கள். நாளைய விலையைச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. எனவே அந்தக் கேள்வியை முடிவின் அடிப்படையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனி முடிவது புரோமோட்டரின் கெடு. ஆடிக்குப் பின் ஆவணி வரும், அப்போதும் பத்திர அலுவலகம் திறந்திருக்கும்.

பெரிய தம்பியின் கடனையும் கழனியையும் ஒரே பேச்சில் பேசுவதுதான் உங்கள் வீட்டின் பெரிய சிக்கல் என்பது என் எண்ணம். 18 லட்சம் என்பது இன்றைய பேச்சு விலையில் சுமார் 26 சென்ட். ஒருவருடைய 26 சென்ட் தேவைக்காக 240 சென்ட்டும் ஒரே கையெழுத்தில் போக வேண்டும் என்பது புரோமோட்டருடைய தேவை. அது எப்படியோ உங்கள் குடும்பத்தின் தேவையாக உருமாறியிருக்கிறது. தம்பியைத் தனியாகச் சந்தித்து, கடன் யாரிடம், என்ன வட்டி, எந்த மாதம் கழுத்தைப் பிடிக்கும் என்று கேளுங்கள். மனைவி வழியாக உங்களுக்குத் தெரியவந்த கடன் அது. அக்காவிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அந்த வெட்கத்தோடு அவரைக் குடும்பப் பேச்சுக்கு நடுவே உட்கார வைத்தால், எந்த விலைக்கும் தலையாட்டத்தான் செய்வார். ஒருவேளை சாலை ஓரமாக ஒரு பகுதியை மட்டும் விற்பது வழியாக இருக்கலாம். அப்படியானால் மிச்ச நிலத்துக்குப் போகும் பாதையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்க்கால் போனதுபோல் பாதையும் போய்விட்டால், விற்காத நிலமும் ஒருநாள் அவர்கள் கேட்ட விலைக்கே போகும்.

பவர் பத்திரத்தை மட்டும் இப்போது யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம். நிலத்தைத் தன் பெயருக்கு வாங்கினால் புரோமோட்டர் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்ட வேண்டும். பவர் இருந்தால் அந்தச் செலவின் பெரும்பகுதி இல்லாமல் உங்கள் பெயரிலிருந்தே நேராக மனை வாங்குபவருக்கு எழுதிவிடலாம். மனை விற்காத மாதங்களில் உங்களுக்குப் பணம் வராது. தகராறு வந்தால் பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். தூக்கமில்லாத ஒருவர் செய்யக்கூடிய ஒப்பந்தமன்று இது.

இனி அப்பா. "உங்க இஷ்டம்" என்பதைச் சம்மதம் என்று தம்பிகள் எடுத்துக்கொள்கிறார்கள், மறுப்பு என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அம்மா போய், வாய்க்கால் போய், நடவு போய், இப்போது வீட்டில் தன் சொல்லும் போய்விட்டது என்று நினைக்கும் ஒருவர் அப்படித்தான் பேசுவார். ஆனால் உணவு பாதியாகக் குறைந்திருப்பதையும், "இன்னும் எத்தனை நாளைக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்வதையும் வயோதிகம் என்று தள்ளிவிடாதீர்கள். முதியவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. பசியின்மையாகவும் பேச்சுக் குறைவாகவும் வரலாம். முதலில் ஒரு பொது மருத்துவரிடம் காட்டிவிட்டு, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்; உங்கள் தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் நீங்களும் அதில் பேசுங்கள். நில விவகாரத்தின் எந்தத் தேதியைவிடவும் இது முந்தியது.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் அவர் கழனிக்குக் கிளம்பும்போது, பின்னால் போகாமல் கூடவே நடந்து போங்கள். காகிதம் எதுவும் கையில் வேண்டாம். விற்கலாமா என்று கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் பழகிப்போன பதில் ஒன்று தயாராக இருக்கிறது. கிணறும் கொட்டாயும் மரமும் இருக்கும் இடத்தை வைத்துக்கொண்டால் அதில் என்ன போடலாம் என்று கேளுங்கள். நெல்லுக்குப் போதாத தண்ணீர் மல்லாட்டைக்கோ கீரைக்கோ போதுமா என்பது அவருக்குத் தெரியும். "ஒன்றும் வேண்டாம்மா, வித்துடுங்க" என்று அவர் தெளிவாகச் சொல்லவும் கூடும். சொன்னால் நம்புங்கள், அவருக்காக என்று நீங்களாக நிலத்தைக் கட்டிக்காக்க வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது அந்த வளைவின் அடியில் நின்று, 1996இல் விற்ற நாளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். யார் வாங்கினார், அம்மா என்ன சொன்னார், பணத்தை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அந்த 60 சென்ட்டைப் பற்றி உங்கள் தம்பி பேசிவிட்டார், நீங்கள் எனக்கு எழுதிவிட்டீர்கள். விற்றவர் மட்டும் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்