ஷெனோல் குனெஷ்: கோல் விடாத கீப்பர் கோல் ராஜாக்களை உருவாக்கிய கதை

கேள்வி: 2002 உலகக் கோப்பையில் துருக்கியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்ததைத் தவிர, ஷெனோல் குனெஷ் பயிற்சியாளராகப் பெரிதாக என்ன செய்தார்? அதுவும் அதிர்ஷ்டம்தானே?

2002-இல் அதிர்ஷ்டம் கொஞ்சம் கைகொடுத்தது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மாதத்தை மட்டும் வைத்து அவரை எடைபோட்டால் கணக்கு தப்பாகிவிடும். பார்க்க வேண்டிய கணக்கு வேறு.

துருக்கி லீக்கில் ஒரு பருவத்தில் அதிக கோல் அடித்தவரைக் 'கோல் ராஜா' என்பார்கள். குனெஷின் கையில் நான்கு பேர் அந்தப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். 1995-96இல் திராப்சோன்ஸ்போரில் ஷோத்தா அர்வெலாட்ஸே 25 கோல். 2011-12இல் அதே கிளப்பில் புராக் யில்மாஸ் 33. 2014-15இல் புர்சாஸ்போரில் ஃபெர்னாந்தாவ் 22. அடுத்த பருவமே பெஷிக்தாஷில் மாரியோ கோமெஸ் 26. இருபது ஆண்டு இடைவெளி, மூன்று கிளப்புகள், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத நான்கு ஆட்டக்காரர்கள். ஷோத்தா காலில் நுட்பம் உள்ள ஜார்ஜியர். புராக் அதுவரை விங்கராக, அதாவது ஓரத்தில் ஓடுபவராக இருந்தவர், ஃபெனர்பாஹ்சேவில் இடம் கிடைக்காமல் வந்தவர். ஃபெர்னாந்தாவ் உயரமான பிரேசில்காரர். கோமெஸ், ஃபியோரென்டினாவில் காயங்களோடு இரண்டு பருவத்தைக் கழித்துவிட்டுக் கடனாக வந்த ஜெர்மானியர். ஒருமுறை நடந்தால் ஆட்டக்காரரின் திறமை என்று விட்டுவிடலாம். நான்கு முறை நடந்தால் பயிற்சியாளரைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் கோல்கீப்பர். 1952-இல் திராப்சோனில் பிறந்தார். 1972 முதல் 1987 வரை திராப்சோன்ஸ்போரின் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். அவர் சேரும்போது அந்தக் கிளப் முதல் பிரிவிலேயே இல்லை. 1974-இல்தான் மேலே வந்தது. 1975-76இல் சாம்பியன். இஸ்தான்புல்லுக்கு வெளியே உள்ள ஒரு கிளப் லீக்கை வென்றது அதுதான் முதல்முறை. 1984-க்குள் ஆறு பட்டங்கள். நடுவில் 1976-இல் ஐரோப்பியக் கோப்பையில் லிவர்பூலைத் தங்கள் ஊரில் 1-0 என்று தோற்கடித்தார்கள் (அடுத்த ஆட்டத்தில் லிவர்பூல் 3-0 என்று திருப்பிக் கொடுத்தது). எழுபதுகளின் கடைசியில் குனெஷ் லீக்கில் தொடர்ந்து 1,100 நிமிடங்களுக்கு மேல் கோல் விடாமல் நின்றார். தேசிய அணிக்கு 31 ஆட்டங்கள். ஆசிரியர் பயிற்சியும் பெற்றவர். துருக்கியில் கால்பந்துப் பயிற்சியாளரை 'ஹோஜா', அதாவது வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். இவருக்கு அது வெறும் மரியாதைச் சொல் இல்லை.

அவருடைய கிளப் அணிகளின் ஆட்டத்தைப் பார்த்தால், ஒரு கீப்பர் எந்தப் பந்துக்குப் பயப்படுவாரோ அதையே திரும்பத் திரும்பத் தயாரிக்கிற அணி என்று தோன்றும். தூரத்திலிருந்து வரும் உயரமான கிராஸ் நல்ல கீப்பருக்குப் பெரிய தொல்லை இல்லை. வெளியே வந்து பிடித்துவிடலாம். தொல்லை, எல்லைக்கோடு வரை கொண்டுபோய்ப் பின்பக்கமாக இழுத்துவிடப்படும் தாழ்வான பந்து. பந்து கோட்டருகே இருக்கும்போது கீப்பர் பக்கத்துக் கம்பத்தை விட்டு நகர முடியாது. டிஃபெண்டர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த நொடியில் பெனால்டி புள்ளிப் பக்கம் ஓட்டத்தை ஓர் அடி தாமதப்படுத்தி வருகிற ஸ்டிரைக்கரை யாரும் பிடிக்க முடியாது. ஒரே தொடுதல், கோல்.

இதற்கு அவர் வைத்த அமைப்பு பெரும்பாலும் 4-2-3-1: பின்னால் நான்கு டிஃபெண்டர்கள், அவர்களுக்கு முன் இருவர், அவர்களுக்கு முன் மூவர், உச்சியில் ஒரு ஸ்டிரைக்கர். 2015-16 பெஷிக்தாஷை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் அதீபா ஹட்சின்சன்; அவர் பந்தைப் பறித்துப் பக்கத்தில் கொடுப்பதோடு சரி, அலட்டல் கிடையாது. அருகில் ஒஸ்யாகுப், முன்னே ஹோஸே சோசா, இருவரும் பந்தை முன்னோக்கி அனுப்பத் தெரிந்தவர்கள். ஓரத்தில் குவாரெஸ்மா போன்றவர்கள். விங்கர் உள்ளே வெட்டி வர, சைடு பேக் (ஓரத்து டிஃபெண்டர்) அவரைத் தாண்டி வெளிப்பக்கம் ஓடுவார். இதனால் எதிரணியின் சைடு பேக்குக்கு இருவரில் யாரைப் பிடிப்பது என்ற குழப்பம். கோமெஸுக்கு ஒரே வேலை: பெனால்டி பெட்டிக்குள் எதிரணியின் இரு சென்டர் பேக்குகளுக்கு (நடு டிஃபெண்டர்களுக்கு) நடுவில் இருப்பது. அவரைக் கீழிறங்கி வந்து பந்தைக் கோர்க்கச் சொல்லி யாரும் தொந்தரவு செய்யவில்லை. அந்தப் பருவத்தில் அணி அடித்தது 75 கோல், அதில் 26 அவருடையது. 79 புள்ளிகளோடு பட்டம். அடுத்த பருவம் கோமெஸ் போய்விட்டார், சோசாவும் இல்லை. ஜென்க் தோசுன் லீக்கில் 20 கோல் அடிக்க, தலிஸ்காவும் அபூபக்கரும் சேர, 77 புள்ளிகளோடு மறுபடியும் பட்டம். ஆள் மாறியும் இயந்திரம் நிற்கவில்லை.

முதல் பட்டத்தின்போது இன்னொரு சிரமமும் இருந்தது. பழைய இனோனு மைதானத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டிக்கொண்டிருந்தார்கள். பருவத்தின் பெரும்பகுதி பெஷிக்தாஷுக்குச் சொந்த மைதானமே இல்லை. 2016 ஏப்ரலில்தான் புதிய மைதானத்துக்குள் நுழைந்தார்கள். முதல் ஆட்டத்தில் எதிரே வந்தது புர்சாஸ்போர், குனெஷின் முந்தைய கிளப். 3-2 என்று பெஷிக்தாஷ் வென்றது.

இவ்வளவு செய்தவருக்குப் பயிற்சியாளராக லீக் பட்டம் 63 வயதில்தான் கிடைத்தது. அதற்கு முன் இரண்டு முறை கைக்கு வந்து நழுவியது. 1996 மேயில் திராப்சோன்ஸ்போர் சொந்த ஊரில் ஃபெனர்பாஹ்சேவோடு மோதியது. அப்துல்லா எர்ஜான் அடித்து 1-0. பிறகு ஒகூஸ் சமன் செய்தார், அய்குத் கொஜாமான் வெற்றிக் கோலை அடித்தார். ஃபெனர்பாஹ்சே 84, திராப்சோன்ஸ்போர் 82. அடுத்தது 2011. இரு அணிகளும் 82 புள்ளி. அதனால் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கு பார்க்கப்பட்டது: திராப்சோன்ஸ்போருக்குத் திராப்சோனில் 3-2, இஸ்தான்புல்லில் 0-2. ஆக ஒரு கோல் வித்தியாசத்தில் பட்டம் ஃபெனர்பாஹ்சேவுக்கு. அப்போது ஃபெனர்பாஹ்சேவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே அய்குத் கொஜாமான்! அந்தக் கோடையில் மேட்ச் பிக்சிங் விசாரணை வெடித்து, சாம்பியன்ஸ் லீக்கில் ஃபெனர்பாஹ்சேவின் இடத்தில் திராப்சோன்ஸ்போர் போனது. போன வேகத்தில் மிலானில் இன்டரை 1-0 என்று வீழ்த்தியது. லீக் பட்டம் மட்டும் கைமாறவில்லை. திராப்சோனில் அந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் இரவு முழுக்கப் பேசுவார்கள்.

இப்போது 2002. தேசிய அணிக்கு இந்தக் கிளப் இயந்திரம் பொருந்தாது, ஏனென்றால் பழக்குவதற்கு நாள் கிடைக்காது. ஆனால் அன்று அவருக்கு ஒரு வசதி இருந்தது. 2000-இல் யூஈஎஃப்ஏ கோப்பையை வென்ற கலாத்தாசராயின் ஆட்டக்காரர்களே அணியின் முதுகெலும்பு: பூலெந்த் கொர்க்மாஸ், ஹகான் ஷூக்குர், எம்ரே, ஒகான், உமித் தவாலா, ஹசன் ஷாஷ். ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தகுதிச் சுற்றின் பிளே-ஆஃபில் (இடத்தை முடிவு செய்யும் இரு ஆட்ட மோதலில்) ஆஸ்திரியாவை வியன்னாவில் 1-0, இஸ்தான்புல்லில் 5-0 என்று முடித்தார்கள். 1954-க்குப் பிறகு துருக்கிக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. பிரேசிலிடம் 1-2, கோஸ்டா ரிக்காவோடு 1-1, சீனாவோடு 3-0. பிறகு ஜப்பான் 1-0, செனகல் 1-0, அரையிறுதியில் பிரேசிலிடம் 0-1, மூன்றாம் இடத்துக்குத் தென் கொரியாவோடு 3-2.

அதிர்ஷ்டம் எங்கே? காலிறுதி வரைக்குமான பாதையில் பிரேசிலைத் தவிர பெரிய பெயர் எதுவும் குறுக்கே வரவில்லை. மற்றதெல்லாம் உழைப்பு.

ஆனால் அந்தத் தொடரிலேயே அவருடைய பலவீனமும் தெரிந்துவிட்டது. நம்பியவரை அவர் எளிதில் விடமாட்டார். ஹகான் ஷூக்குர் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறிலும் தொடக்க அணியில் அவரே இருந்தார். அந்த லீக் பருவத்தில் 21 கோல் அடித்திருந்த இல்ஹான் மன்சீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செனகலோடு 67-ஆம் நிமிடம் ஹகானை எடுத்துவிட்டு இல்ஹானை இறக்கினார். 94-ஆம் நிமிடம் இல்ஹான் கோல்டன் கோல் அடித்தார்; கூடுதல் நேரத்தில் அடித்ததும் ஆட்டத்தையே முடித்துவிடும் கோல் அது. சரி, இனி அவர்தான் என்று பார்த்தால், அரையிறுதியில் மறுபடியும் ஹகான் தொடக்கம்! இல்ஹான் இறங்கியபோது பிரேசில் ஏற்கெனவே முன்னிலையில் இருந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இருவரையும் ஒன்றாக இறக்கினார். ஹகான் 11-ஆம் நொடியில் அடித்தார், உலகக் கோப்பை வரலாற்றிலேயே வேகமான கோல். இல்ஹான் இரண்டு அடித்தார். இந்த ஜோடியை ஓர் ஆட்டம் முன்னால் இறக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹகானை விடாமல் வைத்திருந்ததால்தான் அந்தக் கோல் வந்தது என்று அவர் பக்கம் வாதிடுபவர்களும் உண்டு.

2003 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையிலும் மூன்றாம் இடம். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் யூரோ 2004 பிளே-ஆஃபில் லாட்வியாவிடம் கோட்டை விட்டார்கள். ரீகாவில் 0-1. இஸ்தான்புல்லில் 2-0 என்று முன்னேறிவிட்டு, அதைக் காத்துக்கொள்ளத் தெரியாமல் 2-2. அவர் பதவியும் போயிற்று. பிறகு 2007 முதல் 2009 வரை எஃப்சி சியோல். கி சுங்-யோங், லீ சுங்-யோங் என்ற இரு இளைஞர்களை அணியின் நடுவில் நிறுத்தினார். இருவரும் அங்கிருந்து பிரிட்டனுக்குப் போனார்கள். இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை, இருந்திருக்க வேண்டும்.

கிளப்பில் அவர் முறை எங்கே உடைகிறது? சைடு பேக்குகள் இருவரும் மேலே போய்விடுவதால், பின்னால் இரு சென்டர் பேக்கும் ஒரு ஹட்சின்சனும்தான். பதினொரு பேர் இருக்கும்வரை சமாளிக்கலாம். ஓர் ஆள் குறைந்தால் அணி சுருங்கிப் பூட்டிக்கொள்ளத் தெரியாது. 2016 டிசம்பரில் கீவில் டைனமோவோடு ஆடியபோது பெஷிக்தாஷின் பெக் சிவப்பு அட்டை வாங்கினார், முடிவு 0-6. 2017-18 சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோ, லைப்சிக், மொனாக்கோ இருந்த குழுவில் தோல்வியே இல்லாமல் 14 புள்ளிகளோடு முதலிடம். அடுத்த சுற்றில் மியூனிக்கில் 16-ஆம் நிமிடம் விதா வெளியேற்றப்பட்டார், பயர்னிடம் 0-5.

2019-இல் தேசிய அணிக்குத் திரும்பியபோது அவர் இதற்கு நேர்மாறாகப் போனார். பின்வாங்கி நிற்பது, ஃப்ரீ கிக், எதிர்த்தாக்குதல். யூரோ தகுதிச் சுற்றின் பத்து ஆட்டங்களில் விட்டது மூன்றே கோல். கொன்யாவில் உலக சாம்பியன் பிரான்ஸை 2-0 என்று வென்றார்கள். ஆனால் 2021-இல் நடந்த முக்கியத் தொடரில் இத்தாலியிடம் 0-3, வேல்ஸிடம் 0-2, சுவிட்சர்லாந்திடம் 1-3. எதிரணி அவசரப்படாமல் பந்தை வைத்துக்கொண்டபோது, பந்து கையில் கிடைத்தாலும் என்ன செய்வது என்று இந்த அணிக்குத் தெரியவில்லை. முன்னே ஒற்றை ஆளாக 35 வயது புராக் யில்மாஸ், மறுபடியும் பழைய விசுவாசம். அந்தத் தொடரில் அவருக்குக் கோல் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்திடம் 1-6, அத்தோடு பதவி முடிந்தது. பிறகு பெஷிக்தாஷுக்கும் திராப்சோன்ஸ்போருக்கும் மீண்டும் வந்தார். எதுவும் பழைய மாதிரி அமையவில்லை.

முழு ஆட்டப் பதிவுகள் கிடைத்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, 2016 நவம்பரில் பெஷிக்தாஷ் 0-3 என்று பின்தங்கிப் பென்ஃபிக்காவோடு 3-3 ஆக்கியது. இரண்டாம் பாதியில் நீங்கள் பந்தைப் பார்க்காமல், சைடு பேக்குகள் எவ்வளவு மேலே நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். மற்றது செனகல் ஆட்டம். கோல்டன் கோலில் இல்ஹானை விட்டுவிட்டு கீப்பரைப் பாருங்கள். உமித் தவாலா வலப்பக்கமிருந்து பந்தை அனுப்புகிறார், இல்ஹான் ஒரே தொடுதலில் திருப்பிவிடுகிறார். கீப்பர் காலை மாற்றி வைப்பதற்குள் பந்து உள்ளே.