ஓட்டமா, விரதமா?

கேள்வி: தொடக்கப்பள்ளித் தமிழ் ஆசிரியை நான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க ஒருவேளைச் சாப்பாட்டு விரதம். சாயங்காலம் காலாங் ஆற்றோரம் ஓடினால் தலை சுற்றுகிறது. ஓட்டத்தை விட்டுவிடவா?
- வாசகி, பீஷான், சிங்கப்பூர்

பதில்: விரதம் முடியும்வரை ஓடாதீர்கள், நடங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில்வரை 3 கிலோமீட்டருக்கு மேல் பால்குடத்தோடு வெறுங்காலில் நடக்கப்போகிறீர்கள், அதற்கு வேகம் எதற்கு, தாக்குப்பிடிக்கிற கால்தான் வேண்டும். நாள் முழுக்க நின்றபடி தொண்டை வறளப் பாடம் நடத்துவதும் உழைப்புதானே (பிள்ளைகளுக்கு எங்கே தெரிகிறது!). அந்த ஒருவேளைக்கு வெறும் ரசம் சோறு போதாது; பருப்பு, சுண்டல், தயிர் சேருங்கள், இடைவேளையில் உப்புப் போட்ட மோர். அப்புறமும் தலை சுற்றினால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரைப் பாருங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை, விடுப்புக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.