பீச் பாய்ஸ், பிரையன் வில்சன், மைக் லவ்: மூன்று கிறிஸ்துமஸ் ஆல்பங்களில் எது சிறந்தது?

பீச் பாய்ஸ் ஒரு அமெரிக்க ராக் குழு; பிரையனும் மைக்கும் அதன் பாடகர்கள், பின்னாளில் தனித்தனியாகவும் கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டவர்கள். மூன்றையும் டிசம்பர் தவறாமல் கேட்கிறேன். என் ஓட்டு 1964-ல் பீச் பாய்ஸ் குழுவாகப் போட்ட ஆல்பத்துக்குத்தான். அதிலும் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்துக்கு.

ரசிகர்கள் பொதுவாகக் கொண்டாடுவது முதல் பக்கத்தை. அதில் ஐந்து சொந்தப் பாடல்கள். சாண்டாவின் வண்டியை வேகக் கார் மாதிரி வர்ணிக்கும் 'லிட்டில் செயின்ட் நிக்' அதில்தான் வருகிறது. நல்ல பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் பழைய கிறிஸ்துமஸ் பாடல்களைப் பெரிய இசைக்குழுவோடு பாடியிருக்கிறார்கள். இசைக்கோர்ப்பு டிக் ரெனால்ட்ஸ். சிறு வயதில் பிரையன் எந்த ஃபோர் ஃப்ரெஷ்மென் பாட்டுக்குழுவைக் கேட்டுக் கேட்டு ஹார்மனி (பல குரல்களை இணைத்துப் பாடும் முறை) கற்றாரோ, அவர்களுக்கே இசைக்கோர்ப்பு செய்தவர். அப்போது பிரையனுக்கு 22 வயது. 'ப்ளூ கிறிஸ்துமஸ்' பாட்டில் அந்த வயலின்களுக்கு நடுவே தனியாகப் பாடுகிறார். அந்தத் தனிமைதான் அந்தப் பாட்டுக்கே உயிர்.

2005-ல் வந்த பிரையனின் 'வாட் ஐ ரியலி வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ்' எனக்கு இரண்டாவது இடம். தலைப்புப் பாடலுக்கு வரிகள் எழுதியவர் எல்டன் ஜானின் பாடலாசிரியர் பெர்னி டாப்பின். 63 வயதுக் குரல் தழுதழுக்கிறது, அது எனக்குப் பிடிக்கிறது. கூடப் பாடுகிறவர்களும் கெட்டிக்காரர்கள், ஒரு சுரம் பிசகாது. ஆனாலும் 'லிட்டில் செயின்ட் நிக்'கின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பழையதில் அண்ணன் தம்பி மூவர் (பிரையன், டென்னிஸ், கார்ல்), அத்தை மகன் மைக், பள்ளித் தோழன் அல் ஜார்டின் எல்லோரும் ஒரே தொண்டையிலிருந்து பாடுவது போல இருக்கும். புதியதில் யார் யார் குரல் என்று எண்ணிவிடலாம்.

மைக் லவ்வின் 2018 ஆல்பத்தில் அவருடைய பிள்ளைகளும் பாடுகிறார்கள். வீட்டுக் கொண்டாட்டம் மாதிரி இதமானது. பளபளப்புதான் கொஞ்சம் கூடுதல்.

சரி, 1964 ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். புத்தாண்டுக்குப் பாடும் 'ஆல்ட் லாங் சைன்'. வாத்தியமே இல்லை, குரல்கள் மட்டும். அதன் மேலே டிரம்மர் டென்னிஸ் வில்சன் கேட்பவர்களுக்கு நன்றி சொல்லி வாழ்த்துகிறார். 19 வயதுப் பையனின் குரல். 1983 டிசம்பர் 28 அன்று, கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், அவர் கடலில் மூழ்கி இறந்தார். பிறகு 1998-ல் கார்ல் போனார், 2025-ல் பிரையனும் போய்விட்டார். அந்த வாழ்த்து வரும்போது நான் ஒலியைக் கூட்டிவிடுவேன்.

டென்னிஸின் குரல் உங்களுக்குப் பிடித்துவிட்டால், அவர் எழுதிப் பாடிய 'மார்னிங் கிறிஸ்துமஸ்' பாட்டையும் தேடிக் கேளுங்கள். 1977-ல் கிடப்பில் போடப்பட்ட கிறிஸ்துமஸ் ஆல்பத்துக்காகப் பதிவானது, 1998-ல் வந்த 'அல்டிமேட் கிறிஸ்துமஸ்' தொகுப்பில் இருக்கிறது.