ஃபைல் பத்திரமாகப் போய்ச் சேர: நெல்லைச் சீமைத் தொழில்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் தொழில் நடத்துகிறவர்கள், அலுவலக ஃபைல்களைப் பாதுகாப்பாக அனுப்பும் மென்பொருள் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். "எதை வாங்கலாம், பேரை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டவர்களுக்கு: உங்கள் வேலை என்னவென்று தெரியாமல் பேர் சொன்னால் அது குருட்டாம்போக்கு வைத்தியம். கீழே உள்ளதைப் படித்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

பாளையங்கோட்டை, ஆடிட்டர் அலுவலகம்: அண்ணாச்சி, கிளையன்ட்டுகள் பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், டேலி பேக்கப் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். அதுவே என்கிரிப்ட் ஆகித்தானே போகுது, தனியா ஒரு சாஃப்ட்வேர் எதுக்கு?

வழியில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மைதான் சார். சிக்கல் வழியில் இல்லை, போய் இறங்குகிற இடத்தில் இருக்கிறது. அந்த ஆதார் உங்கள் ஜூனியரின் சொந்த போனில் இறங்குகிறது. கேலரியில் கல்யாண போட்டோக்களுக்கு நடுவே கிடக்கிறது. அங்கிருந்து அவருடைய கூகுள் பேக்கப்புக்கும் போயிருக்கலாம். நாளைக்கு அவர் வேறு ஆடிட்டரிடம் சேர்ந்தால் ஃபைலும் அவரோடு போகும். யாரிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் உங்களிடம் பதில் கிடையாது.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு வெளியே போனால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. அது உச்சவரம்பு, உங்கள் ஆபீசை மனதில் வைத்து எழுதியதில்லை. ஆனாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

உங்களுக்குப் பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். கிளையன்ட் திறந்து ஃபைலைப் போட ஒரு லிங்க், ஒவ்வொருவருக்கும் தனி ஃபோல்டர், ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்க முடியாத ஏற்பாடு, ஒரு வாரத்தில் தானாகச் செத்துப்போகும் லிங்க். இது போதும். லிங்க்கை மெயிலில் அனுப்பினால் பாஸ்வேர்டை போனில் சொல்லுங்கள். ஸிப் ஃபைலையும் அனுப்பி, அதே மெயிலின் அடியில் பாஸ்வேர்டையும் எழுதுகிற பழக்கத்தை முதலில் விடணும்.

தூத்துக்குடி, கிளியரிங் ஏஜென்ட்: பல வருஷமா ஃபைல் அனுப்புறது எஃப்டிபிங்கிற பழைய முறையிலதான் அண்ணாச்சி. ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை. புதுசா வந்த பையன் மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்.

பையன் சொல்வதைக் கேளுங்கள். பிரச்சினை வந்ததில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எஃப்டிபியில் யாராவது வழியில் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் படித்தால் சத்தமே வராது.

எஃப்டிபியை 1971-ல் வகுத்தவர் நம் நாட்டுக்காரர், கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண். அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்ததே சில பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும்தான். யாரிடமிருந்து ஒளிக்க வேண்டும்? அதனால் பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஃபைல் மூன்றும் அப்படியே வெளிப்படையாகப் போகும். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை இப்படி உறிஞ்சி எடுத்ததைப் பார்த்துத்தான் டாட்டு யுலோனன் எஸ்எஸ்எச் என்ற பூட்டிய இணைப்பு முறையை எழுதினார். ஃபைல் அனுப்பும் இன்றைய எஸ்எஃப்டிபி அதன் மேல்தான் ஓடுகிறது. குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-லேயே எஃப்டிபியைத் தூக்கிவிட்டன.

மாற்றும்போது ஒரு விஷயம். பழைய எஃப்டிபி பாஸ்வேர்டுகளை அப்படியே புது சர்வருக்குக் கொண்டுபோகாதீர்கள். அவை இத்தனை வருஷம் தெருவில் திரிந்த பாஸ்வேர்டுகள். எல்லாருக்கும் புதுசு போடுங்கள்.

வள்ளியூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்: எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி இரண்டும் ஒண்ணுதானே?

இல்லை தம்பி. எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபிக்கு டிஎல்எஸ் என்ற என்கிரிப்ஷன் சட்டை போட்டது. அதற்குக் கட்டளைக்கு ஒரு போர்ட் (நெட் வாசல்), தரவுக்கு வேறு போர்ட்டுகள். ஃபயர்வாலில் ஒரு வரிசையையே திறந்துவிட வேண்டியிருக்கும். எஸ்எஃப்டிபிக்கு 22 என்ற ஒரே போர்ட் போதும். எதிர்ப்பக்கம் எஃப்டிபிஎஸ்தான் என்று அடம்பிடித்தால் ஒழிய எஸ்எஃப்டிபி போடு.

கங்கைகொண்டான், தொழிற்சாலை கணக்குப் பிரிவு: சம்பள ஃபைலை நேரே பேங்க் சர்வருக்கு அனுப்பப் போகிறோம். பேங்க்கில் பப்ளிக் கீ கேட்டார்கள். எங்க ஆள் இரண்டு ஃபைல் உருவாக்கி இரண்டையும் மெயிலில் அனுப்பிவிட்டார். சரிதானா?

சரியில்லை மேடம். அந்த ஜோடியை ரத்து செய்யச் சொல்லி பேங்க்குக்கு இன்றைக்கே எழுதுங்கள், புது ஜோடி உருவாக்குங்கள். இரண்டில் ஒன்று பொதுச் சாவி; அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மற்றது தனிச் சாவி. அது உருவான கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே கூடாது, பேங்க்குக்குக்கூட. அதற்கும் ஒரு கடவுச்சொல் போட்டு வையுங்கள்.

அடுத்து, முதல் முறை கனெக்ட் பண்ணும்போது, எஸ்எஃப்டிபியில் அனுப்ப உதவும் வின்எஸ்சிபி மென்பொருள் ஒரு பெட்டியைக் காட்டும். இந்த சர்வரை எனக்குத் தெரியாது, நம்பலாமா என்று கேட்கும். நடுவில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒரு வரி இருக்கும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று தட்டிவிடுகிறார்கள். அந்த வரிதான் சர்வரின் கைரேகை. பேங்க்கிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் வாங்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கைரேகை மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு ஃபைலை அனுப்பாதீர்கள். பேங்க்குக்கு போன் போடுங்கள். அதையொட்டி மெயில் ஏதும் வந்திருந்தால் அதில் இருக்கும் நம்பருக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். பேங்க்கின் புரோகிராம் ஃபோல்டரை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஃபைல் பாதி ஏறியிருக்கும்போது எடுத்துவிட்டால் பாதிப் பேருக்குத்தான் சம்பளம். அதனால் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுசாக ஏறிய பிறகு சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். நல்ல மென்பொருளில் இது ஒரு டிக்கில் முடியும். தற்காலிகப் பெயரில் இருப்பதை பேங்க் பக்கம் தொடாது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை, ஃபைல் கிளம்புவதற்கு முந்தைய அரை மணி நேரம். சம்பள சாஃப்ட்வேரிலிருந்து எக்செலில் இறக்கி, டெஸ்க்டாப்பில் போட்டு, டீ குடிக்கப் போய்விட்டு வந்து அனுப்புகிறார்கள். நடுவில் ஒருவர் ஒரு அக்கவுன்ட் நம்பரை மாற்றினால் எந்த என்கிரிப்ஷனும் காப்பாற்றாது. தப்பான ஃபைல் மிகப் பத்திரமாகப் போய்ச் சேரும். உருவாக்குகிறவர் ஒருவர், சரிபார்த்து விடுவிக்கிறவர் இன்னொருவர் என்று பிரிக்க வசதி இருக்கிறதா பாருங்கள். சம்பள சாஃப்ட்வேரே நேராக ஒரு பூட்டிய ஃபோல்டரில் எழுத, பிஜிபி என்ற ஃபைல் பூட்டும் முறையின் டிஜிட்டல் கையெழுத்தோடு அங்கிருந்து தானாகக் கிளம்பினால் ரொம்ப நல்லது.

பாளை ஹைகிரவுண்ட், ஸ்கேன் சென்டர்: சிடி ஸ்கேன் ஃபைல்களை சென்னையில் இருக்கும் டாக்டருக்கு அனுப்புகிறோம். ஆடிக் காற்று அடித்தால் கரண்டும் நெட்டும் மாறி மாறிப் போகுது. 90 சதவீதத்தில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உள்ளதை வாங்குங்கள். நெட் திட்டத்தில் பெரிதாகப் போட்டிருப்பது டவுன்லோட் வேகம். நீங்கள் பார்க்க வேண்டியது அப்லோட். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் 1 ஜிபி போக எப்படியும் 13, 14 நிமிஷம் ஆகும். ரவுட்டரையும் ஃபைபர் டப்பாவையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுவிட்டு ரவுட்டரைச் சுவரில் மாட்டிய கடைகளை நிறையப் பார்க்கிறேன்.

அறுந்த இடத்திலிருந்து அனுப்பியது முன்பு போனதோடு சரியாக ஒட்டாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் இரண்டு பக்கமும் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்புக் கணக்குப் போட்டு ஒப்பிடும் வசதி அவசியம். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்தக் கணக்கு முழுசாக மாறிவிடும். அப்புறம், ஃபைல் பெயரில் நோயாளியின் பெயரைப் போடாதீர்கள். உள்ளே என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் பெயர் லாக்கிலும் (யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு) அறிவிப்பு மெயிலிலும் வெளியே தெரியும்.

தூத்துக்குடி, கடலுணவு ஏற்றுமதி: வெளிநாட்டு பையர் ஏஎஸ்2 என்ற முறையில்தான் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும் என்கிறார். எஸ்எஃப்டிபி இருக்குன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்கிறார்.

அவர் கேட்பது பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மாதிரி ஒன்று. எஸ்எஃப்டிபியில் ஃபைல் ஏறிவிட்டது என்று உங்கள் பக்கம் தெரியும். அவர் வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுவதில்லை. ஏஎஸ்2-வில் இன்வாய்ஸைக் கையெழுத்திட்டு என்கிரிப்ட் செய்து அனுப்பினால், அவருடைய சிஸ்டம் அதே ஃபைலின் சரிபார்ப்புக் கணக்கைச் சேர்த்துக் கையெழுத்திட்ட ரசீது திருப்பித் தரும். பிறகு எனக்கு வரவில்லை என்று அவர் சொல்ல முடியாது, நான் வேறு அனுப்பினேன் என்று நீங்களும் சொல்ல முடியாது. பெரிய சில்லறை வணிகக் கம்பெனிகள் பலகாலமாக இதைத்தான் கேட்கின்றன. ஒரே பையருக்காக என்றால் சொந்தமாக நிறுவாமல் மாத வாடகைச் சேவையாக எடுங்கள். கையெழுத்துக்கான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆகும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஏஎஸ்2 ஒருநாள் திடீரென்று நின்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தென்காசி, கம்பெனி ஐடி பொறுப்பாளர்: 2023-ல் மூவிட் ஹேக் ஆச்சே. அவ்வளவு பேர் போன சாஃப்ட்வேருக்கே அந்தக் கதி என்றால் நாம் எதுக்குச் செலவு பண்ணணும்?

நியாயமான கேள்வி. 2023 மே கடைசியில் மூவிட் டிரான்ஸ்ஃபர் என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளின் வெப் பக்கத்தில் இருந்த, டேட்டாபேஸுக்கே கள்ளக் கட்டளை நுழைக்க விடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை வழியாக கிளாப் என்ற கும்பல் புகுந்தது. தயாரித்தவர்களுக்கே தெரியாத ஓட்டை. ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் தரவு போயிற்று. பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்கள் போனது அவர்களுடைய சர்வரிலிருந்துகூட இல்லை, சம்பளம் போடும் வெளிக் கம்பெனியிடமிருந்து. அதே கும்பல் அதே வருஷத் தொடக்கத்தில் கோஎனிவேர் என்ற இன்னொரு மென்பொருளிலும் கைவைத்தது. எல்லாருடைய முக்கிய ஃபைலும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் திருடனுக்கு இந்த மென்பொருள்கள் மேலேயே கண்.

அங்கே என் கவனத்தில் நின்றது ஓட்டை அல்ல, ஓட்டை எதிலும் வரும். அனுப்பி முடித்த பழைய ஃபைல்களை அங்கேயே விட்டு வைப்பதுதான் பெரிய ஆபத்து. எடுத்துக்கொண்டதும் அல்லது மூன்று நாளில் தானாக அழியும்படி வைத்தால், புகுந்தவன் கையில் மூன்று நாள் ஃபைல்தான் சிக்கும். பிஜிபியில் பூட்டிய பிறகு ஏற்றினால் அதையும் படிக்க முடியாது. நிர்வாகப் பக்கம் இன்டர்நெட்டில் திறந்து கிடக்கக் கூடாது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்த அன்றே போட ஒரு ஆள் பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். விற்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, தானாக அழிக்கும் விதியை ஃபோல்டர் வாரியாகப் போட முடியுமா என்பதைத்தான்.

நெல்லை டவுன், அச்சகம்: சிவகாசிக்கு அனுப்பும் ஸிப்பில் தமிழ் ஃபைல் பெயர்கள் கட்டம் கட்டமாக வருது.

ஒரு பக்கம் யூனிகோட், மறுபக்கம் பழைய ஸிப் மென்பொருள். இருவரும் புது 7-ஸிப் போடுங்கள், இல்லாவிட்டால் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள். பழைய எஃப்டிபியில் அனுப்புகிறீர்கள் என்றால் பைனரி முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டெக்ஸ்ட் முறையில் போனால் ஸிப் கெட்டுப்போகும்.

ஆலங்குளம், பீடிக் கம்பெனி: கிளைகளிலிருந்து இலை, தூள் கணக்கு தினமும் எக்செலில் வரணும். இலவச சாஃப்ட்வேர் போதுமா அண்ணாச்சி?

தாராளமாகப் போதும். ஒரு லினக்ஸ் சர்வரில் எஸ்எஃப்டிபிக்காக ஓபன்எஸ்எஸ்எச், கிளைகளில் வின்எஸ்சிபி. விண்டோஸ் சர்வர் 2019 முதல் ஓபன்எஸ்எஸ்எச்சைக் கூடுதல் வசதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பயனர், அவரவர் ஃபோல்டரைத் தாண்டி மேலே ஏற முடியாதபடி அடைத்து வையுங்கள். எல்லாக் கிளைக்கும் 'ஆபீஸ்' என்று ஒரே பயனர் வைத்தால், ஒரு ஃபைல் காணாமல் போன அன்றைக்கு எல்லாரும் எல்லாரையும் கைகாட்டுவார்கள். வின்எஸ்சிபிக்குப் பதில் ஃபைல்ஜில்லா போட்டால் மாஸ்டர் பாஸ்வேர்டு வையுங்கள். இல்லாவிட்டால் சேமித்த பாஸ்வேர்டுகள் எளிதில் எடுக்கும்படி கிடக்கும். இலவசத்தில் இல்லாதது கவனித்துக்கொள்ளும் ஆள். அந்த ஆள் உங்களிடம் இல்லையென்றால் மாதக் கட்டணச் சேவையே மலிவு.

சர்வரை எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். சொந்தக் கட்டடம் என்றால் மாடியில் வையுங்கள். 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு நம் ஊரில் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன், மருந்து மொத்த வியாபாரம்: விற்க வந்தவர் 'மிலிட்டரி கிரேட் என்கிரிப்ஷன்' என்று பத்துத் தடவை சொன்னார். நம்பலாமா?

அவர் சொல்வது ஏஇஎஸ்-256 என்ற என்கிரிப்ஷன் முறை. 2001-லேயே அமெரிக்க அரசு தரமாக அறிவித்தது. இலவச வின்எஸ்சிபியிலும் இருக்கிறது. அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். டெமோ காட்டும்போது பாதியில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், என்ன செய்கிறது பாருங்கள். ஒரு பயனரை நீக்கச் சொல்லுங்கள்; அவர் ஏற்கெனவே பகிர்ந்த லிங்க்குகளும் சேர்ந்து சாகிறதா பாருங்கள். போன செவ்வாய்க்கிழமை இந்த ஃபைலை யார், எந்த ஐபியிலிருந்து, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர் இரண்டு நிமிஷத்தில் திரையில் காட்டினால் மேற்கொண்டு விலை பேசலாம்.

சங்கரன்கோவில், ஜவுளி உற்பத்தி: யார் எப்போது ஃபைலை எடுத்தார்கள் என்று காட்டும் அந்த லாக்கை எத்தனை நாள் வைத்திருக்கணும்?

இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள். ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். லாக்கை அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள், புகுந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான். கடிகாரத்தையும் சரிபாருங்கள். வெளிநாட்டு சர்வர் என்றால் லாக் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிப் படிக்கணும். இல்லாவிட்டால் காலை ஒன்பதரைக்கு ஆபீஸ் திறந்து அனுப்பிய ஃபைலை விடிகாலை நாலு மணிக்கு எவனோ எடுத்தான் என்று வாட்ச்மேனைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.