சென்னையில் இருந்துகொண்டு மணாலி–லே சைக்கிள் பயணத்துக்கு எப்படித் தயாராவது?

வாரக் கடைசியில் ஈசிஆரில் 100 கிமீ ஓட்டுகிறேன், ஜூலையில் மணாலியில் இருந்து லே போகவேண்டும், எந்த சைக்கிள், எவ்வளவு பயிற்சி என்று கேட்டிருக்கிறீர்கள். கால்பலம் உங்களுக்கு முக்கால்வாசி வந்துவிட்டது. அந்த ரோடு ராணுவ லாரிகளுக்காகப் போட்டது, ஏற்றம் நீளமே தவிர அவ்வளவு செங்குத்தில்லை, நம்ம கல்லட்டி மலைப்பாதை அதைவிட மோசம். ஏற்காடோ கொல்லிமலையோ போய், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஏறிப் பழகுங்கள், போதும்.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது: ராத்திரி எங்கே தூங்கப் போகிறீர்கள்? இந்தப் பயணத்தில் பாதியில் வண்டி ஏறித் திரும்புகிறவர்களில் பலரைக் கவிழ்ப்பது, உயரத்தில் காற்று மெலிவதால் வரும் தலைவலியும் வாந்தியும்தான். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர், லே நகரம் தரையிலேயே 3,500. அதனால் ஊட்டியில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனால் உடம்பு பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, தூங்கும் இடத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் பரவாயில்லை, படுப்பது கீழே இருக்கவேண்டும். இப்போது பாதையைப் பாருங்கள். ஜிஸ்பா ஏறக்குறைய 3,200 மீட்டர், சர்ச்சு 4,290. கால் நன்றாக இருக்கிறது என்று ஜிஸ்பாவில் இருந்து ஒரே மூச்சில் சர்ச்சு போய்ப் படுப்பவர்கள்தான் அங்கே விடியவிடியத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைவிடச் சிக்கல், அங்கிருந்து சட்டென்று இறங்கவும் முடியாது: திரும்பினால் பாரலாச்சா கணவாய், முன்னே போனால் நக்கீ லா, லாச்சுலுங் லா (லா என்றாலும் கணவாய்தான்). இறங்குவதற்கே முதலில் ஏறவேண்டும்! ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி, பட்சியோவில் ஒன்று, ஜிங்ஜிங்பாரில் ஒன்று என்று நகர்ந்தால் சர்ச்சுவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த உயரக் கோளாறைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரிடம் பேசிவிட்டு எடுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், பயப்படவேண்டாம். ஆனால் நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்கக்கூடாது, கிடைக்கிற வண்டியில் ஏறி உயரத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

சைக்கிள் விஷயத்துக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. முன்னால் 32 பல், பின்னால் கேசட்டில் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) பெரிய சக்கரத்துக்கு 46 பல் அல்லது அதற்கு மேல் இருந்தால் எந்த எம்டிபியும் (மலைப்பாதை சைக்கிள்) சரி. டாங்லாங் லா ஏறக்குறைய 5,300 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம், நடக்கிற வேகத்தில் மிதிக்க உதவும் கியர் கையில் இருக்கவேண்டும். பின்பக்க கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு, விமானத்தில் போட்டு அனுப்பும்போது வளைகிற முதல் சாமானும் அதுதான், உங்கள் சைக்கிளுக்கான ஹேங்கர் ஒன்றை ஸ்பேராக வாங்கி வையுங்கள், வழியில் கிடைக்காது. பிரேக் பேட் இரண்டு செட். இறக்கத்தில் வியர்வையோடு குளிர்காற்று அடிக்கும், முழுக் கையுறையும் விண்ட்சீட்டரும் பையின் மேலேயே இருக்கட்டும்.

ஜூலை என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். இமாச்சல் பக்கம் பருவமழை, மண்சரிவு, வெயில் ஏற ஏறப் பனி உருகி ரோட்டைக் கடக்கும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகிவிடும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி நல்லது, குளிர் கூடுதலாக இருந்தாலும். எந்த மாதமானாலும் விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், மோரே சமவெளியில் பிற்பகல் எதிர்க்காற்று அடித்தால் சமதரைகூட ஏற்றம்தான்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, கூடாரக் கடைகளில் ராஜ்மா சாதமும் மேகியும் ஆம்லெட்டும் கிடைக்கும், பசி எடுக்காது என்பதால் கட்டாயப்படுத்திச் சாப்பிடவேண்டும். அப்புறம், பணத்தை ஜிஸ்பாவுக்கு முன்னால் வரும் கேலாங் ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, கிளம்பும் முன் போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள், அதுவும் நடுவழியில் பெரும்பாலும் சிக்னல் காட்டாது என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.